ஆசாரிய ஜகதீச சந்திர போஸும் கம்பியில்லாப் பாலமும்

பட்டணங்களில் உயர்ந்த கட்டிடங்களின் மேல்தளத்தை அண்ணாந்து நோக்குவோர், சிறு தட்டளவான வெண்ணிறக் கிண்ணமொன்று இரும்புக் குழாயில் பொருத்தப்பட்டு எதிர்க் கட்டிடத்தை நோக்கி நிற்பதைக் கண்டிருக்கக்கூடும். எதிர்க் கட்டிடத்தின் மீதும் அதற்கு இணையான மற்றொன்று இதனை நோக்கியே நிற்கும். இரண்டிற்கும் நடுவே கம்பியில்லை, கயிறுமில்லை. ஆயினும் ஒரு காரியாலயத்தின் கணக்குகளும், ஒரு வைத்தியசாலையின் நோய்க் குறிப்புகளும், ஒரு பாடசாலையின் பாடங்களும் அந்த வெற்று வெளியைக் கடந்து கணந்தோறும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பியில்லாப் பாலம் என்று இதற்குப் பெயர். இப்பாலங்களில் மிக வேகமான ஒரு வகை, ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள மின்சார அலைகளைக் கொண்டு இயங்குவதாகும். இக்கருவிகள் சீனத்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து நம் கடைவீதிகளில் விலை போகின்றன. வாங்குகிறவரும் விற்கிறவரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. அத்தனை குறுகிய அலையை உண்டாக்கி, குழலினின்று குறி பார்த்து விடுத்து, மறுபுறத்தில் ஏந்திக் காட்டியது கல்கத்தாவில் ஒரு கல்லூரியின் சிற்றறையிலேயாம். காட்டியவர் ஓர் இந்தியர். அதுவும் 1895-ஆம் வருஷத்திலேயே.

ஜகதீச சந்திர போஸ் 1858-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி கீழை வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் சர்க்கார் உத்தியோகஸ்தர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் அந்தஸ்துள்ள குடும்பத்துப் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளியில் சேர்ப்பதே பெருமை என்று எண்ணப்பட்டது. பகவான் சந்திரரோ தம் மகனை வங்காளிப் பாடசாலைக்கு அனுப்பினார். அங்கே அச்சிறுவனுக்கு ஒரு பக்கத்தில் தந்தையாரின் சேவகரான முஸ்லிம் ஒருவரின் மகனும், மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்திருந்தார்கள். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்கள் ஆகியவற்றைப் பற்றிய கதைகளை அத்தோழர்களிடமிருந்தே அவர் முதலில் கேட்டார். தாய்மொழியில் கற்றவன் விஞ்ஞானத்துக்கு உதவான் என்று வாதிக்கிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு விடையளிக்க இந்த ஒரு வாழ்க்கையே போதுமானது என்பது நம் அபிப்பிராயம்.

பிறகு கல்கத்தாவில் செயின்ட் சேவியர் பள்ளியும் கல்லூரியும். அங்கே லஃபோன் பாதிரியார் பௌதிக சாஸ்திரத்தைக் கருவிகளின் மூலமாகச் செய்து காட்டிப் போதித்த முறை மாணவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பட்டம் பெற்றபின் சீமைக்குச் சென்று சிவில் சர்வீஸ் பரீட்சை கொடுக்க அவர் விரும்பினார். தந்தையார் இணங்கவில்லை. தாம் ராஜாங்க சேவையில் இருந்தும், மகன் பிறர்மீது அதிகாரம் செலுத்துகிறவனாக இல்லாமல் வித்வானாக வேண்டுமென்று அவர் கருதினார். 1880-ஆம் வருஷத்தில் வைத்தியம் கற்கவென்று லண்டன் சென்ற ஜகதீசர், ஓயாத காய்ச்சலால் அதனை விடுத்துக் கேம்பிரிட்ஜில் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களில் ராலே பிரபு முக்கியமானவர். 1884-ஆம் வருஷத்தில் கேம்பிரிட்ஜ், லண்டன் ஆகிய இரண்டு சர்வகலாசாலைகளின் பட்டங்களும் கிட்டின.

மறு வருஷம் தாயகம் திரும்பியவருக்கு வைசிராய் ரிப்பன் பிரபுவின் சிபாரிசினால் கல்கத்தா பிரஸிடென்சி கல்லூரியில் பௌதிக ஆசிரியர் பதவி கிடைத்தது. கல்வி இலாகாவின் தலைவர்களுக்கு அதில் மனமில்லை. நுட்பமான விஞ்ஞானத்தைப் போதிக்க இந்தியருக்குத் தகுதி போதாது என்பது அக்காலத்து வெள்ளையரின் கொள்கை. அதே பதவியில் ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம். இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. ஜகதீசருடைய நியமனம் தற்காலிகமானது என்ற காரணத்தைக் காட்டி அதிலும் பாதியைக் குறைத்து மூன்றில் ஒரு பங்கே நிர்ணயித்தார்கள்.

இங்கே வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். அந்த இருபத்தாறு வயது இளைஞர் கூட்டம் கூட்டவில்லை. விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பமாக எழுதிக்கொண்டிருக்கவுமில்லை. வேலையை ஏற்றுக்கொண்டார், சம்பளத்தை ஏற்க மறுத்துவிட்டார். மாதந்தோறும் வந்த சம்பளத்தைத் தொடாமலே மூன்று வருஷம் ஒரு நாளும் குறைவின்றிப் பாடம் நடத்தினார். அதுவும் எந்த நிலையில்? தந்தையார் தேசத்தில் கைத்தொழில் வளரவேண்டுமென்ற ஆவலால் நெசவிலும் தேயிலையிலும் பணத்தைப் போட்டு இழந்து பெருங்கடனில் மூழ்கியிருந்தார். ஜகதீசரே அபலா அம்மையாரை 1887-ஆம் வருஷத்தில் மணந்து இல்லறம் தொடங்கியிருந்தார். இந்த அம்மையாரைப் பற்றி நம் மாகாணத்தார் அறியவேண்டியதொன்றுண்டு. வங்காளத்தில் பெண்களுக்கு வைத்தியக் கல்லூரியில் இடமில்லாதிருந்தபோது அவர் வைத்தியம் கற்க வந்தது நமது சென்னைக்குத்தான்; தேக அசௌக்கியத்தினால் படிப்பைப் பூர்த்தி செய்யாமல் திரும்ப நேர்ந்தது. வறுமையிலும் வழக்கிலும் கணவருக்குத் துணைநின்ற அம்மையார், பிற்காலத்தில் பெண்கல்விக்கும் விதவையரின் நலத்துக்கும் தம் வாழ்நாளை ஈந்தார்.

மூன்று வருஷ முடிவில் சர்க்கார் பணிந்தது. நியமனம் ஸ்திரமாயிற்று, முழுச் சம்பளமும் ஆரம்ப நாள் முதற்கொண்டு கணக்கிட்டு மொத்தமாகக் கொடுக்கப்பட்டது. அந்தத் தொகையைத் தந்தையாரின் கடனுக்குச் செலுத்தினார் மகன். சத்தியாக்கிரகம் என்ற சொல் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே நடந்த காரியம் இது.

1894-ஆம் வருஷம் தமது முப்பத்தாறாவது பிறந்த நாளில் இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று அவர் உறுதி செய்துகொண்டார். ஆய்வுக்கூடம் என்று சொல்லத் தக்கது எதுவும் கல்லூரியில் இல்லை. கழிப்பறையை அடுத்திருந்த ஒரு சிற்றறையும், நாட்டுத் தகரத் தொழிலாளி ஒருவரின் கையுமே அவருக்குக் கிடைத்த சாதனங்கள். ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் 1888-ஆம் வருஷத்தில் மின்சார அலைகள் உண்டென்று நிரூபித்து, 1894-ன் தொடக்கத்தில் அகால மரணமடைந்திருந்தார். அவர் கையாண்ட அலைகள் மிக நீண்டவை. அவற்றைக் கொண்டு ஒளியின் குணங்களைச் சோதிக்க வேண்டுமானால் அறைகொள்ளாத பெருங்கருவிகள் வேண்டும். அலையைச் சுருக்கினால் கருவியும் சுருங்கும் என்று ஜகதீசர் கண்டார். இருபத்தைந்து மில்லிமீட்டரிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் வரை அலைகளைக் குறுக்கினார். கருவி முழுவதும் ஒரு மேசைமேல் அடங்கிற்று.

அவர் செய்த கருவிகளின் எளிமை வியக்கத்தக்கது. அலையை ஒருமுகப்படுத்தக் கொம்பைப் போல் விரிந்த உலோகக் குழல். வளைக்கக் கந்தகத்தால் செய்த வில்லை. அலை எந்தத் தளத்தில் அதிர்கிறதென்று வடிகட்டி அறிய, ரயில்வே கால அட்டவணைப் புத்தகமொன்றின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தகடுகளை வைத்த அமைப்பு. அந்தத் தளத்தைத் திருப்பிக் காட்ட முறுக்கிய சணல் நார். சணல் வங்காளத்துப் பயிர் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. சீமையிலிருந்து உபகரணங்கள் வரட்டும், நிதி வரட்டும், பிறகு ஆரம்பிப்போம் என்று அவர் காத்திருந்தால் அந்தக் கட்டுரைகளை வேறெவரேனும் எழுதியிருப்பார்கள்.

1895-ஆம் வருஷத்தில் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுஜனங்களின் முன்னிலையில் அவர் செய்து காட்டிய பரிசோதனை பிரசித்தமானது. ஓர் அறையில் அலை பிறந்தது. மூன்று சுவர்களைக் கடந்து, வழியிலிருந்த லெப்டினன்ட் கவர்னரின் கனத்த சரீரத்தையும் ஊடுருவி, எழுபத்தைந்து அடிக்கு அப்பாலிருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. கம்பியில்லாத இரண்டு முனைகள், இடையே தடை, ஒரு முனையின் கட்டளைக்கு மறுமுனை கீழ்ப்படிதல் என இன்றைய பாலத்தின் அங்கங்கள் யாவும் அன்றே அந்த மண்டபத்தில் இருந்தன. 1896-ஆம் வருஷத்தில் லண்டன் சர்வகலாசாலை அவருக்கு விஞ்ஞான டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரி 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் மேடையில் அவர் தம் கருவிகளை வைத்துப் பிரசங்கம் செய்தார்.

இனி, அந்த ஐந்து மில்லிமீட்டர் அலையின் இன்றைய நிலையைச் சிறிது கவனிப்போம். விநாடிக்கு அறுபதாயிரம் கோடிக்குக் குறையாமல் ஆறாயிரம் கோடி முறை அதிரும் அலை என்று சிலர் குழப்பி எழுதுகிறார்கள். ஆறாயிரம் கோடி முறை என்பதே சரியான கணக்கு. ஆகாயத்திலுள்ள பிராணவாயு இந்த அலையை விழுங்கும் இயல்புடையது. ஆதலால் இது வெகுதூரம் செல்லாது. குறையென்று தோன்றும் இக்குணமே காவலாகவும் அமைகிறது: தெருவுக்கு அப்பால் நின்று ஒட்டுக்கேட்பவனுக்கு எட்டுமுன் அலை தேய்ந்துவிடும், அடுத்த வீதியில் வேறொருவர் அதே அலையைத் தடையின்றி உபயோகிக்கலாம். போஸ் செய்த கொம்புக் குழலின் வாரிசுகள் அலையை ஊசி போன்ற கற்றையாக்கி எதிர்முனைக்கே அனுப்புகின்றன. அவர் சணல் நாரால் திருப்பிக் காட்டிய அதிர்வுத் தளங்களில் இரண்டைத் தேர்ந்து, ஒரே வழியில் இருவேறு செய்தி ஓட்டங்களை ஒன்றோடொன்று கலவாமல் அனுப்புகிறார்கள்.

ஆனால் குறுகிய கற்றை மட்டுமே காவல் என்று நம்பியிருப்பது பேதைமை. இதற்குச் சரித்திரமே சான்று. போஸ் பிரசங்கித்த அதே ராயல் இன்ஸ்டிட்யூஷனில், 1903-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், மார்க்கோனியின் முறையை ஃபிளெமிங் விளக்கிக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. சுருதி சேர்த்த கருவிகளுக்கிடையே செல்லும் தந்தியில் பிறர் தலையிட முடியாது என்பது மார்க்கோனி கூட்டத்தாரின் பெருமிதம். தொலைவிலிருந்து வரவேண்டிய செய்தி வருமுன்னரே, மாஸ்கிலின் என்னும் ஜாலவித்தைக்காரர் அருகிலிருந்த ஓரிடத்திலிருந்து தம் கருவியால் கேலிச் சொற்களை அந்த ஏற்பியினுள் புகுத்திவிட்டார். வெளியில் செல்லும் அலை ஊர்ப் பொதுச் சொத்து. அதில் ஏறிச் செல்லும் செய்தியைத்தான் பூட்ட வேண்டும் என்ற உண்மை அன்று விளங்கிற்று.

அந்தப் பூட்டு எத்தகையதாக இருக்க வேண்டும்? கெர்க்ஹாஃப்ஸ் என்னும் டச்சுக்காரர் 1883-ஆம் வருஷத்திலேயே இதற்கு இலக்கணம் வகுத்தார். சங்கேத முறை பகைவன் கையில் சிக்கினும் கேடு வரலாகாது. சாவி மட்டுமே இரகசியமாயிருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. கம்பியில்லா வலைகளுக்கென 1990-களின் இறுதியில் ஏற்பட்ட முதற் பூட்டு 2001-ஆம் வருஷத்தில் உடைபட்டது. அதன்பின் வந்தவற்றுள் மூன்றாம் தலைமுறையான டபிள்யூ.பி.ஏ. 3 என்பது 2018-ஆம் வருஷத்தில் வெளியாயிற்று. அதன் அடிப்படையான கைகுலுக்கல் முறை, பல நிலையங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் வலைப்பின்னலுக்காகவே முதலில் வகுக்கப்பட்டதாகும். அம்முறையில் இரு நிலையங்களின் பேச்சை ஒருவன் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துகொண்டாலும், வீட்டில் உட்கார்ந்து சாவியை ஊகித்துப் பார்த்துக்கொண்டிருக்க அவனால் இயலாது.

வலைப்பின்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு முனைகளை மட்டும் இணைப்பது பாலம். பல பாலங்கள் சேர்ந்து, ஒரு வழி அடைபட்டால் மறு வழியாகச் செய்தியைத் தாமே திருப்பிக்கொள்வது வலைப்பின்னல். தலைமை நிலையமென ஒன்றை நம்பி மற்றவை நிற்பதில்லை. ஒவ்வொரு நிலையமும் தன் செய்தியோடு அயலாரின் செய்தியையும் சுமக்கிறது. பஞ்சாயத்து முறையில் நம்பிக்கையுள்ளவர்களுக்கு இது மனத்துக்குகந்த அமைப்பு. ஆயினும் ஜாக்கிரதையின்றி அமைத்தால், ஒரே செய்தி வட்டமாகச் சுற்றிப் பெருகி வலை முழுவதையும் முடக்கும்; ஆகையால் சுற்றுவழிகளைக் கண்டறிந்து அடைக்கும் ஏற்பாட்டை முதலிலேயே இயக்கிவிட வேண்டும். அயலாரின் செய்தியைச் சுமக்கிற நிலையம் அதைப் படிக்கவும் கூடுமாதலால், இரு நிலையங்களுக்கிடையே இடும் பூட்டோடு, அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்குமிடையே தனியே மற்றொரு பூட்டும் அவசியம். 2014-ஆம் வருஷத்தில் ஹாங்காங் கிளர்ச்சிக்காரர்கள் கைத்தொலைபேசிகளைக் கோத்துச் செய்தி பரப்பியபோது, அச்செய்திகள் மறைப்பின்றிச் சென்றன. போலீஸாரும் படிக்கக்கூடிய நிலையிலேயே இருந்தன. தேசத் தொண்டில் ஈடுபட்டோர் இதை மறத்தலாகாது. கருவியோடு வரும் சாவியைச் செய்தவன் அறிவான், விற்றவன் அறிவான், வலைத்தளத்தில் தேடுகிற சிறுவனும் அறிவான். அதை அப்படியே வைத்துக்கொண்டு பாலம் கட்டுவது, வீட்டைக் கட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே தொங்கவிடுவதை ஒக்கும். பெட்டியைக் குழாயில் ஏற்றுமுன் அந்தச் சாவியை மாற்ற வேண்டும்; கருவியை ஆளும் வழியைப் பொதுச் செய்தி செல்லும் வழியினின்று பிரித்துவைக்க வேண்டும்; செய்தவர்கள் வெளியிடும் திருத்தங்களை அவ்வப்போது ஏற்றவேண்டும். இவை பெரும் வித்தையல்ல, சோம்பலின்மையே தேவை.

கெர்க்ஹாஃப்ஸின் கொள்கையில் பாதியை ஜகதீசர் தம் வாழ்க்கையிலேயே அனுசரித்தார். முறையை மறைப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. 1901-ஆம் வருஷம் லண்டனில் அவர் பிரசங்கம் செய்யவிருந்த சமயம், கம்பியில்லாத் தந்திக் கம்பெனி ஒன்றின் முதலாளி அவரைத் தேடி வந்து, எதையும் வெளியிடாமல் தம் பெயரில் உரிமைப் பத்திரம் எடுக்க இடங்கொடுத்தால் லாபத்தில் பங்கு தருவதாக மன்றாடினார். போஸ் மறுத்தார். இதைத் தம் நண்பர் ரவீந்திரநாதருக்கு அவர் கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். சகோதரி நிவேதிதையும் அமெரிக்க மாதான ஸாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதன் பேரில் ஒரே ஒரு உரிமைக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டது. காலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு அலையைக் கண்டறியும் அக்கருவிக்கு 1904-ஆம் வருஷம் மார்ச் 29-ஆம் தேதி 755,840 என்ற எண்ணுள்ள உரிமைப் பத்திரம் கிடைத்தது. அரைக்கடத்தியால் அலையைக் கண்டறியும் சாதனத்துக்குக் கிடைத்த முதல் உரிமைப் பத்திரம் அதுவே என்பர். அதைக் கொண்டு அவர் ஒரு காசும் ஈட்டவில்லை. உரிமை காலாவதியாக விட்டுவிட்டார்.

இதனால் தேசத்துக்கு நன்மையா, நஷ்டமா என்பதில் நம் கட்சியாருள்ளேயே இருவேறு கருத்துண்டு. உரிமையைக் கொண்டு பொருள் சேர்த்து ஆய்வுக்கூடங்களைக் கட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் சிலர் மிகைப்பட உரைப்பதுபோல், மார்க்கோனி செய்ததனைத்தும் போஸிடமிருந்து திருடியதே என்று சொல்வது நியாயமாகாது. பாதரசத்தைக் கொண்டு தானே பழைய நிலைக்கு மீளும் அலையுணர்வியை, தொலைபேசிக் குழாயோடு சேர்த்து, 1899-ஆம் வருஷத்தில் போஸ் ராயல் சொஸைட்டிக்கு விவரித்தார் என்பது உண்மை. 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சைகையை மார்க்கோனி கேட்டது அத்தகைய பாதரச உணர்வியினால் என்பதும் உண்மை. போஸுக்குரிய கௌரவம் அவ்வளவில் மறைக்கப்பட்டது, மறைத்தது தவறு. ஆயினும் கடல் கடந்து நெடுந்தூரம் தந்தி அனுப்பும் நோக்கம் போஸுக்கு இருந்ததில்லை. அலையின் இயல்பை அறிவதே அவர் விரும்பியது. இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால், உள்ள பெருமையையும் பிறர் நம்பமாட்டார்கள்.

அலைகளிலிருந்து அவர் கவனம் உயிர்களின்பால் திரும்பிற்று. அலையுணர்வி ஓயாமல் வேலை செய்தால் களைப்படைவதும், ஓய்ந்தபின் தெளிவதும் கண்ட அவர், உலோகத்துக்கும் செடிக்கும் பிராணிக்கும் பொதுவான ஏதோ ஒன்று உண்டென்று ஆராயத் தொடங்கினார். உடற்கூற்று வல்லுநர் சிலர், பௌதிக ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சீறினார்கள். ராயல் சொஸைட்டி அவர் கட்டுரையொன்றை அச்சிடாமல் கிடப்பில் போட்டது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்து அவர் விடையளித்தார். 1920-ஆம் வருஷத்தில் அதே ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. செடிகளைப் பற்றிய அவருடைய முடிவுகளில் சில இன்றும் ஒப்புக்கொள்ளப்படாதவை. செடியினுள் மின்சாரச் சைகைகள் ஓடுகின்றன என்ற மூலக் கருத்தோ நிலைபெற்றுவிட்டது.

1915-ஆம் வருஷத்தில் கல்லூரிப் பணியினின்று ஓய்வு பெற்றார். 1917-ஆம் வருஷம் தமது பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி ஸ்தாபனத்தைத் திறந்து அதைத் தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். அங்கே கண்டறியப்படும் எதற்கும் உரிமைப் பத்திரம் எடுப்பதில்லை என்ற ஏற்பாடு தொடக்க நாளிலேயே பிரகடனம் செய்யப்பட்டது. அதே வருஷத்தில் சர்க்கார் அவருக்கு ஸர் பட்டம் கொடுத்தது. மூன்றிலொரு பங்குச் சம்பளம் போதுமென்று சொன்னதும் அந்தச் சர்க்காரேதான்.

1937-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி, எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதி என்னும் ஊரில் அவர் காலமானார். 2012-ஆம் வருஷத்தில், உலக மின்சார எஞ்சினீயர்களின் சங்கமான ஐ.இ.இ.இ., மில்லிமீட்டர் அலைகளைக் கொண்டு முதன்முதலில் பரிசோதனை நடந்த இடமென்று குறித்து, பிரஸிடென்சி கல்லூரியில் நினைவுப் பலகையொன்றை வைத்தது. கொம்புக் குழலும், ஈயக் கனிம உணர்வியும், முறுக்கிய சணலும் கல்கத்தாவில் அவர் நிறுவிய ஸ்தாபனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.